எத்தனால் கலந்த பெட்ரோல் கார் எஞ்சினையும் சிறிய எஞ்சின்களையும் என்ன செய்கிறது?

கேள்வி இதுதான்: பத்து அல்லது இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலைத் தொடர்ந்து நிரப்பினால் காரின் எஞ்சினுக்குக் கேடு வருமா, மைலேஜ் எவ்வளவு குறையும், அதே பெட்ரோலை ஜெனரேட்டர், புல்வெட்டும் எந்திரம், செயின்சா போன்ற சிறிய எஞ்சின்களிலும் ஊற்றலாமா? இதற்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் இரண்டு முனைகளில் நிற்கின்றன. எந்தப் பாதிப்பும் இல்லை என்பார் ஒரு சாரார். எஞ்சினையே அரித்துவிடும் என்பார் மறு சாரார். இரு தரப்பினரும் தாங்கள் கண்ட எஞ்சினை வைத்தே பேசுகிறார்கள், ஆனால் அவர்கள் கண்டது ஒரே வகை எஞ்சினை அல்ல. என் கணிப்பில், எத்தனாலின் விழுக்காட்டைக் காட்டிலும் இரண்டு நிலைமைகளே விளைவைத் தீர்மானிக்கின்றன. எரிபொருள் மாறியதை உணர்ந்து கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு அந்த எஞ்சினில் இருக்கிறதா என்பது ஒன்று. எரிபொருள் டேங்கில் எத்தனை காலம் அசையாமல் கிடக்கிறது என்பது மற்றொன்று. இந்த இரண்டிலும் புதிய கார் ஒரு கோடியிலும் செயின்சா மறு கோடியிலும் இருக்கின்றன.

பெட்ரோல் என்பது நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அந்த மூலக்கூறுகளில் ஆக்சிஜன் கிடையாது. எத்தனால் மூலக்கூறின் எடையிலோ ஏறத்தாழ 35 விழுக்காடு ஆக்சிஜன்தான். கீழே சொல்லப்போகும் விளைவுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைப்பவை. ஆக்சிஜன் எரிபொருள் அல்ல என்பதால் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் குறைகிறது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனில் ஒரு பங்கு மூலக்கூறுக்குள்ளேயே இருப்பதால் வெளியிலிருந்து வர வேண்டிய காற்றின் அளவு குறைகிறது. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த அதன் முனை நீரை ஈர்க்கிறது, மின்சாரத்தைக் கடத்த உதவுகிறது, பெட்ரோல் கரைக்காத சில பொருள்களைக் கரைக்கவும் செய்கிறது.

முதலில் மைலேஜைப் பார்த்துவிடலாம், ஏனெனில் இது எளிய கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது, ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 21 மெகாஜூல்தான். பத்து விழுக்காடு கலந்த இ10 பெட்ரோலில் லிட்டருக்குரிய ஆற்றல் ஏறத்தாழ மூன்றரை விழுக்காடும், இ20 பெட்ரோலில் ஏறத்தாழ ஏழு விழுக்காடும் குறையும். தூய பெட்ரோலில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடிய கார், வேறெதுவும் மாறாமல் இருந்தால், இ10-இல் பதினான்கரையும் இ20-இல் பதினான்கும் ஓட வேண்டும். இதைவிடப் பெரிய வீழ்ச்சியை ஒருவர் கண்டால் எத்தனாலை மட்டும் குறை சொல்லாமல் டயரின் காற்றழுத்தம், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், ஆக்சிஜன் சென்சார் ஆகியவற்றையும் பார்ப்பது நல்லது. அதே நேரத்தில், எந்த இழப்பும் இராது என்று சொல்வதும் சரியன்று. எத்தனாலின் அதிக ஆக்டேனை (அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறனை)ப் பயன்படுத்திக்கொள்ளும்படி அழுத்த விகிதத்தை உயர்த்தி வடிவமைத்த எஞ்சினில் இந்த இழப்பில் ஒரு பகுதியை மீட்கலாம். ஏற்கெனவே சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் அதற்கான வாய்ப்பு குறைவு.

மைலேஜ் குறைவதால் இழுவையும் குறையும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது உண்மையில்லை என்பதற்குக் காரணம் சுவையானது. ஒரு எஞ்சினின் சக்திக்கு எல்லை வகுப்பது அது உள்ளிழுக்கும் காற்றின் அளவு. ஒரு கிலோ பெட்ரோலை முழுமையாக எரிக்க 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆகவே அதே காற்றோடு கூடுதலான எத்தனாலை எரிக்க முடிகிறது. ஒரு கிலோ காற்றுக்குக் கிடைக்கும் வெப்பத்தைக் கணக்கிட்டால் இரண்டு எரிபொருள்களும் ஏறத்தாழச் சமமாக வந்து நிற்கின்றன. போதாக்குறைக்கு, எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைப்போல் கிலோவுக்கு இரண்டரை மடங்கு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் உள்ளே செல்லும் காற்று குளிர்ந்து அடர்த்தியாகிறது. எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின்களில் இந்தக் குளிர்ச்சி நன்றாகவே பயன்படுகிறது. ஆனால் இவையெல்லாம் கூடுதல் எரிபொருளை எஞ்சின் தானாகச் செலுத்தினால்தான் நடக்கும். அப்படிச் செலுத்த முடியாத எஞ்சினில், நன்மையாக இருக்க வேண்டிய அதே பண்பு கேடாக மாறுகிறது.

எரிபொருளைவிடக் காற்று மிகுந்துவிட்ட கலவையை மெக்கானிக்குகள் 'லீன்' என்பார்கள். இ10-க்குச் சரியான காற்று விகிதம் ஏறத்தாழ 14.1, இ20-க்கு ஏறத்தாழ 13.5. அதாவது, பெட்ரோலுக்கென்று அளவு வைத்த கார்புரேட்டரில் (எரிபொருளைக் காற்றோடு மாறாத அளவில் கலந்து தரும் பழைய பாகத்தில்) இ10 ஊற்றினால் கலவை சுமார் நான்கு விழுக்காடும் இ20 ஊற்றினால் சுமார் எட்டு ஒன்பது விழுக்காடும் லீன் ஆகிறது. இன்ஜெக்டரும் ஆக்சிஜன் சென்சாரும் உள்ள காரில் இது ஒரு சிக்கலே அல்ல. புகையில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜனைச் சென்சார் அளந்து சொல்ல, கட்டுப்பாட்டுக் கணினி இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை நீட்டிவிடுகிறது. இத்தகைய திருத்தத்துக்குப் பெரும்பாலான கார்களில் இருபது விழுக்காட்டுக்குமேல் இடம் உண்டு, எனவே இ20 கேட்கும் எட்டு ஒன்பது விழுக்காடு அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் காற்றுக் கசிவாலோ அடைபட்ட ஃபில்டராலோ அந்த இடத்தில் பெரும்பங்கை முன்பே பயன்படுத்திக்கொண்டிருக்கும் பழைய காரில், எத்தனால் சேர்ந்ததும் எச்சரிக்கை விளக்கு எரியக்கூடும். விளக்கை எரியவைத்தது எத்தனால் என்றாலும் பழுது இருப்பது வேறிடத்தில்.

சென்சார் சொல்வதைக் கணினி கேட்காத வேளைகளும் உண்டு. குளிர்ந்த எஞ்சினை இயக்கிய முதல் சில நொடிகளிலும், சில கார்களில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கும்போதும், அது முன்பே எழுதிவைத்த அட்டவணைப்படி எரிபொருளைச் செலுத்துகிறது. சீராக ஓடும் நேரத்தில் கற்றுக்கொண்ட திருத்தத்தை முழு மிதியிலும் பயன்படுத்தும் கணினிகள் கொண்ட கார்களுக்குக் கவலையில்லை. அப்படிச் செய்யாத பழைய கார்களில் நீண்ட ஏற்றங்களில் புகைவாயுவின் வெப்பம் கூடி, காலப்போக்கில், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் நலிவடைய வாய்ப்புண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2010-லும் 2011-லும் இ15-க்கு அனுமதி அளித்தபோது 2001-ஆம் ஆண்டு மாடலுக்கும் அதன் பின்னர் வந்தவற்றுக்கும் மட்டும் அளித்ததில் இந்தக் கன்வெர்ட்டர் பற்றிய கவலைக்கும் பங்குண்டு. அந்த அனுமதியில் மோட்டார் சைக்கிள்களும் படகுகளும் சிறிய எஞ்சின்களும் சேர்க்கப்படவே இல்லை. இது ஆழ்ந்து கவனிக்க வேண்டிய விலக்கு. இதற்கான காரணத்தைச் சிறிய எஞ்சின்களைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

ஆக்டேன் பற்றி ஒரு சொல். எத்தனாலின் ஆய்வு ஆக்டேன் எண் சுமார் 108. ஆகவே அது நாக்கிங்கை, அதாவது கலவை நேரத்துக்கு முன் தானாக வெடித்து எழும் தட்டலை, தடுக்கிறது என்பது உண்மை. முன்பு ஈயச் சேர்மங்களும் பின்னர் எம்டிபிஇ என்ற சேர்மமும் செய்த வேலையை இன்று அது செய்கிறது; அந்த இரண்டும் மனிதர்களின் உடலுக்கும் நிலத்தடி நீருக்கும் செய்த கேட்டை நினைத்தால் இது வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆனால் சுத்திகரிப்பு ஆலைகள் பொதுவாக ஆக்டேன் குறைந்த பெட்ரோலை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, எத்தனாலைச் சேர்த்து உரிய எண்ணுக்குக் கொண்டுவருகின்றன. எனவே பம்பில் எழுதியிருக்கும் எண்ணைவிடக் கூடுதல் ஆக்டேன் கிடைக்கிறது என்று எண்ண வேண்டாம். எத்தனால் எக்காரணத்தாலாவது பிரிந்து போனால் எஞ்சும் பெட்ரோல் அந்த எண்ணுக்கும் கீழே நிற்கும்.

இனி பாகங்கள். எத்தனால் எந்தப் பொருளைத் தொடுகிறது என்பதைப் பொறுத்தே இந்தப் பாதிப்பு அமையும். இயற்கை ரப்பர், சில வகை நைட்ரைல் ரப்பர், பாலியூரிதேன், தக்கை, கார்புரேட்டர் மிதவைகளில் முன்பு பூசப்பட்ட ஷெல்லாக், பழைய பாலியெஸ்டர் ரெசினால் ஆன கண்ணாடியிழை டேங்குகள் ஆகியவை தாக்குப்பிடிப்பதில்லை. வைட்டான் போன்ற ஃபுளோரோ ரப்பர்களும் டெஃப்லானும் துருப்பிடிக்காத எஃகும் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீனும் நன்றாகத் தாங்குகின்றன. இங்கே பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. எத்தனாலின் அளவு கூடக் கூட ரப்பரின் வீக்கமும் அதே விகிதத்தில் கூடும் என்பது சரியன்று. பெட்ரோலும் ஆல்கஹாலும் கலந்திருக்கும்போது பல ரப்பர்கள் இரண்டில் எந்த ஒன்றிலும் தனியே வீங்குவதைவிட அதிகமாக வீங்குகின்றன. தூய எத்தனாலில் சோதித்துப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை என்ற வாதம் இதனால்தான் போதுமானதாகாது. வீங்கிய ஓ-ரிங்கும் ஹோஸும் பின்னர் உலரும்போது சுருங்கி வெடிப்பு விடுகின்றன. எத்தனால் பெட்ரோலும் தூய பெட்ரோலும் மாறி மாறி ஊற்றப்படும் பழைய வண்டிகளில் கசிவு தொடங்குவது பெரும்பாலும் இப்படித்தான்.

உலோகங்களைப் பொறுத்தவரை தூய எத்தனாலைக் காட்டிலும் அதோடு வந்து சேரும் நீரும், அது ஆக்சிஜனேற்றம் அடைந்து உண்டாகும் அசெட்டிக் அமிலமும், நுண்ணளவில் கலந்திருக்கும் குளோரைடுகளும்தான் குற்றவாளிகள். பெட்ரோல் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. எத்தனால் கலந்ததும் ஓரளவு கடத்துகிறது. எனவே எரிபொருளை அளந்து விடும் சிறு துளையுள்ள பித்தளை ஜெட்டும் துத்தநாகக் கலப்பில் வார்த்த கார்புரேட்டர் உடலும் அருகருகே நனைந்திருக்கும் இடத்தில் மின்வேதி அரிப்பு தொடங்குகிறது. கார்புரேட்டரில் எரிபொருள் தங்கும் மிதவைக் கிண்ணத்தின் அடியில் காணப்படும் வெண்ணிறத் தூள் இந்த அரிப்பின் விளைவே. ஈயமும் தகரமும் பூசிய பழைய எஃகு டேங்குகளிலும் இதே தொல்லை. எத்தனாலோடு அரிப்புத் தடுப்பான்கள் சேர்க்கப்படுவதால் ஓட்டத்தில் இருக்கும் வண்டியில் இந்த அரிப்பு மிக மெதுவாகவே நிகழும். மாதக்கணக்கில் தேங்கிய கிண்ணத்தில் அந்தப் பாதுகாப்பு மெல்ல மெல்லக் கரைந்துபோகிறது.

பழைய காரில் முதன்முறையாக எத்தனால் பெட்ரோலை ஊற்றியவர்கள் சில நாட்களிலேயே எஞ்சின் திணறுவதாகச் சொல்வதுண்டு. பல ஆண்டுகளாக டேங்கிலும் குழாய்களிலும் படிந்திருந்த பிசினையும் துருவையும் எத்தனால் கழுவிக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்ப்பதே இதற்குக் காரணம். ஃபில்டரை ஓரிரு முறை மாற்றினால் தீர்ந்துவிடும் சிக்கல் இது. எஞ்சினுக்கு நேர்ந்த நிலையான கேடு என்று கருதத் தேவையில்லை.

எத்தனாலுக்கென்று பொருள்களைத் தேர்ந்து செய்த கார்கள் காலமெல்லாம் நன்றாக ஓடும் என்பதற்குப் பிரேசிலைவிடப் பெரிய சான்று வேண்டாம். அங்கே 1975-இல் தொடங்கிய அரசுத் திட்டத்துக்குப் பின் தலைமுறைகளாக 20 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கலவையே வழக்கில் இருந்தது. 2015 முதல் 27 விழுக்காடு வரை சேர்க்கப்பட்டது. ஆனால் அந்தச் சான்று எதை மெய்ப்பிக்கிறது என்பதில் கவனம் வேண்டும். அதற்கென்று வடிவமைத்த எஞ்சின் தாங்கும் என்பதைத்தான் அது மெய்ப்பிக்கிறது. தூய பெட்ரோலுக்கோ இ5-க்கோ செய்யப்பட்ட வண்டியும் தாங்கும் என்று அதைக் காட்டி வாதிடுவது பொருந்தாது. உங்கள் காரின் கையேட்டிலும் பெட்ரோல் மூடியின் உட்புறத்திலும் எழுதியிருக்கும் உச்ச அளவே உங்களுக்கான விடை. இ10 என்று எழுதியிருக்கும் காரில் ஒரு முறை இ20 நிரப்பியதால் எஞ்சின் கெட்டுவிடாது. ஆண்டுக்கணக்கில் அதையே ஊற்றுவதென்றால் ஹோஸ், ஓ-ரிங், பம்பு ஆகியவற்றை வழக்கத்தைவிட அடிக்கடி பார்த்து மாற்ற ஆயத்தமாக இருக்க வேண்டும்.

நீர் பற்றிய அச்சமே எல்லாவற்றிலும் பெரியது. அதில் உண்மையும் மிகைப்படுத்தலும் பின்னிக்கிடப்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தூய பெட்ரோலில் நீர் கரையவே கரையாது என்று சொல்லும் அளவுக்குக் குறைவாகக் கரையும். சொட்டு விழுந்தால் அடியில் போய் உருண்டு நிற்கும். இ10 பெட்ரோல், 15 டிகிரி செல்சியஸ் வாக்கில், தன் கொள்ளளவில் ஏறத்தாழ அரை விழுக்காடு நீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். இருபது லிட்டரில் இது நூறு மில்லி. இந்த எல்லைக்குள் நீர் எத்தனாலோடு சேர்ந்து சென்று எரிந்து வெளியேறிவிடும். அன்றாடம் ஓடும் காருக்கு இது நன்மையே. குளிர்நாடுகளில் எரிபொருள் குழாயில் பனி உறையாமலிருக்க ஊற்றும் மருந்துகள் சிலவற்றில் ஆல்கஹால்தான் இருக்கிறது.

எல்லை தாண்டினால் கதை வேறு. அதுவரை பெட்ரோலோடு ஒன்றியிருந்த எத்தனாலில் பெரும்பகுதி நீரோடு கைகோத்துக் கொண்டு டேங்கின் அடிக்கு இறங்கிவிடும். மேலே ஆக்டேன் சில புள்ளிகள் குறைந்த பெட்ரோல். கீழே எத்தனாலும் நீரும் சேர்ந்த தனி அடுக்கு. இதைத்தான் அடுக்குப் பிரிவு என்கிறார்கள். எரிபொருள் எடுக்கும் குழாய் டேங்கின் அடியில் இருப்பதால் எஞ்சினுக்கு முதலில் போய்ச் சேர்வது கீழ் அடுக்கே. அதில் எஞ்சின் ஓடாது, ஓடினாலும் கடுமையாக லீனாகி ஓடும். வெப்பநிலை குறையக் குறைய நீரைத் தாங்கும் திறனும் குறைவதால், பகலில் தெளிவாக இருந்த பெட்ரோல் கடுங்குளிர் இரவில் பிரிந்துவிடலாம். ஒருமுறை பிரிந்ததைக் குலுக்கியோ புதிய பெட்ரோல் ஊற்றியோ பழைய நிலைக்குக் கொண்டுவருவது நடைமுறையில் இயலாது. பிரிந்ததைச் சேர்த்து வைப்பதாகச் சொல்லி விற்கப்படும் திரவங்களை நம்பிப் பணம் செலவிட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஸ்டெபிலைசர் என்று விற்கப்படுபவை பெட்ரோல் பிசினாவதைத் தாமதப்படுத்தும். அந்த வேலைக்கு அவை பயனுள்ளவை, அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

மிகைப்படுத்தல் எங்கே வருகிறது என்றால், காற்றிலுள்ள ஈரத்தை எத்தனால் சில நாட்களிலேயே குடித்துத் தீர்த்துப் பிரிந்துவிடும் என்ற கூற்றில். மூடிய டேங்கில், சிறிய காற்றுத் துளை வழியாக அவ்வளவு நீர் உள்ளே வருவதற்கு ஈரப்பதம் மிகுந்த சூழலிலும் மாதங்கள் ஆகும். இன்றைய கார்களின் ஆவிக் கட்டுப்பாட்டு அமைப்பு டேங்கை ஏறத்தாழ முற்றாக அடைத்தே வைத்திருப்பதால் அந்த வழி மிகக் குறுகியது. பிரிவு நேரும்போது நீர் பெரும்பாலும் வேறு வாயில் வழியாகத்தான் வந்திருக்கும்: சரியாக மூடாத மூடியில் இறங்கிய மழை, சேமிப்புத் தொட்டிக்குள் புகுந்த நிலத்தடி நீர், திறந்த மூச்சுக்குழாய் கொண்ட படகு டேங்கு. கால்வாசி மட்டுமே நிரம்பிய டேங்கு வெயிலும் குளிரும் மாறி மாறிப்பட்டுக் கிடப்பதும் இதற்குத் துணைபோகும், ஏனெனில் வெற்றிடம் பெரிதாக இருந்தால் ஒவ்வொரு நாளும் உள்ளே வந்து போகும் காற்றும் அதோடு வரும் ஈரமும் அதிகம்.

இப்போது சிறிய எஞ்சின்கள். இவை குறித்தே எனக்கு உண்மையான கவலை. காரைக் காப்பாற்றும் மூன்று ஏற்பாடுகளும் இவற்றில் இல்லை: கலவையைத் திருத்தும் சென்சார் இல்லை, அடைத்து வைத்த டேங்கு இல்லை, எரிபொருளை அடிக்கடி தீர்த்துப் புதிதாக நிரப்பும் வழக்கமும் இல்லை. மேலும் பெரும்பாலானவை காற்றால் குளிர்பவை. தண்ணீர் சுற்றும் எஞ்சினில் ஒரு சிறு மிகை வெப்பத்தை ரேடியேட்டர் வாங்கிக்கொள்ளும். செயின்சாவின் சிலிண்டரில் அது நேரே பிஸ்டனிலும் ரிங்கிலும் போய் நிற்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக ஆலையிலேயே கலவையை லீனாக அமைத்து, திருகைத் திருப்ப முடியாதபடி மூடி அனுப்புவதும் உண்டு. அந்த எஞ்சினில் மேலும் நான்கு விழுக்காடு லீன் ஆவது சிறிய மாற்றம் அன்று. சிறிய எஞ்சின் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் இ10-ஐயே உச்ச எல்லையாகக் குறிப்பிடுவதும், அதற்கு மேல் ஊற்றினால் உத்தரவாதம் செல்லாது என்பதும் இதனால்தான்.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகமும் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகமும் இணைந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், எத்தனால் கூடக் கூடச் சிறிய எஞ்சின்களின் வெப்பநிலை உயர்ந்தது தெரியவந்தது. அதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு, கையில் பிடித்து இயக்கும் சில புல்நறுக்கிகளில் ஐட்லிங் வேகம் (சும்மா ஓடும்போதுள்ள வேகம்) உயர்ந்து, ஆக்சிலேட்டரை அழுத்தாமலே கிளட்ச் பிடித்துக்கொண்டது என்பது. எஞ்சின் கெடுவது பணச் செலவோடு முடிந்துவிடும். இயக்குபவர் விரலை எடுத்த பிறகும் வெட்டும் பாகம் சுழல்வது உயிருக்கே ஆபத்து. எரிபொருளை மாற்றிய பின் இத்தகைய கருவி சும்மா இருக்கும்போது செயின்சாவின் சங்கிலியோ புல்நறுக்கியின் நைலான் நரம்போ அசைகிறதா என்று பார்ப்பதை ஒருபோதும் தவிர்க்க வேண்டாம்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இன்னொரு தனி ஆபத்து உண்டு. அதன் பேரிங்குகளுக்கும் பிஸ்டனுக்கும் கிடைக்கும் ஒரே மசகு, ஐம்பதுக்கு ஒன்று என்பது போன்ற விகிதத்தில் பெட்ரோலில் கலந்த ஆயில்தான். அடுக்குப் பிரிவு நேர்ந்தால் அந்த ஆயில் மேலே பெட்ரோலோடு தங்கிவிடுகிறது. கீழே இறங்கிய எத்தனால் நீர் அடுக்கில் ஆயில் இருப்பதில்லை. குழாய் அந்த அடுக்கை எடுத்து எஞ்சின் அதில் சிறிது நேரம் ஓடினாலும் மசகே இல்லாமல் ஓடுகிறது, கூடவே லீனாகவும் ஓடுகிறது. பிஸ்டன் பிடித்துப்போவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். ஆயில் கலந்து வைத்த பழைய டப்பாவைக் குலுக்கி ஊற்றுவது சரியான பழக்கம் என்று நினைப்பவர்கள், குலுக்குவதற்கு முன் ஒரு தெளிந்த கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் எடுத்து அடியில் கோடு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

கார்புரேட்டரில் நேரும் அடைப்புகள் எல்லாவற்றையும் எத்தனாலின் தலையில் கட்டுவது நியாயமன்று. எத்தனால் இல்லாத பெட்ரோலும் தேங்கினால் எளிதில் ஆவியாகும் பகுதிகளை இழந்து, ஆக்சிஜனேற்றம் அடைந்து, பிசினாகி ஜெட்டை அடைக்கிறது; எத்தனால் வழக்கத்துக்கு வரும் முன்பே இது எல்லா மெக்கானிக்குகளுக்கும் தெரிந்த நோய். எத்தனால் அந்த நோயோடு அரிப்பையும், ஹோஸ் நைவையும், கைக்கருவிகளின் கார்புரேட்டரில் எரிபொருளைச் சீராக்கும் மெல்லிய சவ்வான டயாஃப்ரம் விறைத்துப்போவதையும் சேர்க்கிறது. நாள்தோறும் ஓடும் ஜெனரேட்டரில் இ10 ஆண்டுக்கணக்காகத் தொல்லை தராமலிருப்பதும், அதே ஜெனரேட்டர் ஆறு மாதம் மூலையில் கிடந்தால் இயங்க மறுப்பதும் இப்படித்தான் விளங்கும்.

ஆவியாதல் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எத்தனாலின் தனி ஆவியழுத்தம் குறைவு. ஆனால் பத்து விழுக்காட்டு அளவில் பெட்ரோலோடு கலக்கும்போது மொத்த ஆவியழுத்தம் 7 கிலோபாஸ்கல் வரை உயர்கிறது. கோடையில் சூடான எஞ்சினை நிறுத்திவிட்டு உடனே இயக்கும்போது கார்புரேட்டர் வண்டிகளில் வரும் ஆவி அடைப்பு (குழாயில் எரிபொருள் ஆவியாகி ஓட்டம் தடைபடுவது) இதனால் சற்றுக் கூடலாம். எரிபொருள் குழாயை எக்ஸாஸ்ட் அருகிலிருந்து விலக்கிக் கட்டினாலே பெரும்பாலும் போதும். அழுத்தத்தில் எரிபொருளை வைத்திருக்கும் இன்ஜெக்டர் கார்களுக்கு இந்தத் தொல்லை அரிது.

நடைமுறையில் என்ன செய்வது என்றால், அன்றாடம் ஓடும் காருக்கு, கையேடு அனுமதிக்கும் கலவையை நிரப்புவதைத் தவிரத் தனியாக எதுவும் தேவையில்லை. குறுந்தூரமே ஓடும் கார் மட்டும் விதிவிலக்கு: எஞ்சின் முழுதாகச் சூடேறாதபோது எரியாத எத்தனாலும் நீரும் எஞ்சின் ஆயிலில் சேரும், வாரத்தில் ஒரு முறையாவது அரைமணி நேரம் நன்றாக ஓட்டினால் அவை ஆவியாகி வெளியேறும். மாதக்கணக்கில் நிறுத்தப்போகும் காரின் டேங்கை நிரப்பி, ஸ்டெபிலைசர் கலந்து, அது இன்ஜெக்டர் வரை சென்று சேரும்படி பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துங்கள். பழைய காரில் எரிபொருள் ஹோஸ் மாற்றும்போது எத்தனால் தாங்கும் தரம் குறிப்பிடப்பட்டதையே கேட்டு வாங்குங்கள். வெளியே ஒன்றுபோலத் தெரியும் இரண்டு ஹோஸ்களின் உட்சுவர் முற்றிலும் வேறாக இருக்கலாம்.

கார்புரேட்டர் வண்டியில் திருத்தம் செய்ய விரும்புவோருக்கு ஒரு கணக்கு. ஜெட் வழியே செல்லும் அளவு துளையின் பரப்பைப் பொறுத்தது. பரப்பு விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே நான்கு விழுக்காடு கூடுதல் எரிபொருளுக்கு விட்டம் இரண்டு விழுக்காடு கூடினால் போதும். விட்டத்தால் எண்ணிடப்பட்ட 100 ஜெட் இருந்த இடத்தில் இ10-க்கு 102-ஐ ஒட்டியதும், இ20-க்கு 104-ஐ ஒட்டியதும் பொருந்தும். மாற்றிய பின் ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பாருங்கள். வெளிறிய வெண்மை இன்னும் லீன் என்பதையும், இளம்பழுப்பு சரியான நிலையையும் காட்டும்.

சிறிய எஞ்சினுக்கு ஒரு மாதத்தில் தீரக்கூடிய அளவுக்கு மேல் பெட்ரோல் வாங்கி வைக்க வேண்டாம். பருவம் முடிந்ததும் டேங்கை வடித்து, எஞ்சின் தானே நிற்கும் வரை ஓடவிட்டு, மிதவைக் கிண்ணத்தின் அடித்திருகைக் கழற்றி மிச்சத்தையும் இறக்கிவிடுங்கள். டயாஃப்ரம் கார்புரேட்டர் உள்ள கைக்கருவிகளை உலர்த்தி வைப்பதா ஈரமாக வைப்பதா என்பதில் மெக்கானிக்குகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. முழுக்க உலர்ந்தால் டயாஃப்ரம் விறைக்கலாம் என்பது ஒரு தரப்பின் வாதம். எத்தனால் இல்லாத ஆல்கைலேட் பெட்ரோல் கிடைத்தால் கடைசி சில நிமிடங்கள் அதில் ஓட்டி அப்படியே வைப்பது இரண்டு தரப்பின் கவலையையும் தீர்க்கிறது. அது ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். கிடைக்காவிட்டால் உலர்த்தி வைப்பதையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் விறைத்த டயாஃப்ரத்தை மாற்றுவது அரித்த கார்புரேட்டரை மாற்றுவதைவிட எளிது.

நீங்கள் வாங்கிய பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று அறிய விரும்பினால், அளவுக்கோடுகள் உள்ள குறுகிய கண்ணாடிக் குழாயில் 10 மில்லி நீரும் 90 மில்லி பெட்ரோலும் ஊற்றி, மூடிக் குலுக்கி, உள்ளே சேரும் ஆவியை ஒருமுறை திறந்து விட்டு, கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். எத்தனால் நீரோடு கீழே இறங்கிவிடும். அடி அடுக்கு 10-ஆம் கோட்டிலிருந்து 19-க்கு உயர்ந்திருந்தால் ஒன்பது மில்லி எத்தனால் இருந்திருக்கிறது, அதாவது ஏறத்தாழ பத்து விழுக்காடு. 28 வரை சென்றால் இருபது விழுக்காடு. இது தோராயமான அளவுதான், ஆனால் ஜெட்டைத் தேர்ந்தெடுக்கவும் கைக்கருவியில் ஊற்றலாமா என்று முடிவு செய்யவும் போதுமானது. இதைத் திறந்த வெளியில், தீயோ மின்பொறியோ அருகில் இல்லாத இடத்தில் செய்யுங்கள். சோதித்த திரவத்தையும் டேங்கில் பிரிந்து நின்றதையும் மீண்டும் எந்த எஞ்சினிலும் ஊற்றாதீர்கள். சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல், மூடிய உலோக டப்பாவில் வைத்துக் கழிவு எரிபொருளை முறையாகப் பெற்றுக்கொள்பவரிடம் சேர்த்துவிடுங்கள்.